வெட்ஸ்லர் மாவட்டக் கலைப்பும் 31 மாதம் இருந்த ‘லான்’ நகரமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

மேற்கு ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில், லான் ஆற்றின் கரையில் இருந்த வெட்ஸ்லர் ஊரக மாவட்டம் 1976 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தது. மறுநாள் அதன் தலைநகரும் பக்கத்து நகரமான கீஸனும் சுற்றுச் சிற்றூர்களும் சேர்ந்து ‘லான்’ என்ற ஒரே நகரமாயின. 1979 ஆகஸ்ட் 1 அன்று அந்த நகரமும் கலைக்கப்பட்டது. நகரத்தைக் கலைத்தார்கள், ஆனால் பழைய மாவட்டத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதனால்தான் இதை ஆராய வேண்டியிருக்கிறது. சீர்திருத்தம் தோற்றால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையில் எல்லைகளை மாற்றும் எவரும் இதைப் பார்க்க வேண்டும்.

முடிவெடுத்தவர்கள், எதிர்த்தவர்கள், வாழ்ந்தவர்கள் யாருடைய பெயரும் இங்கே இல்லை. ஊர்ப் பெயர்களும் ஆண்டுகளும் போதும்.

பின்னணி: பிரஷ்யாவின் தனித்தீவு

வெட்ஸ்லர் சிறிய ஊர்தான், ஆனால் புனித ரோமப் பேரரசின் உச்ச நீதிமன்றம் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1806 வரை அங்கேதான் இயங்கியது. பேரரசு போன பின், 1815-இல் வியன்னா மாநாடு ஊரையும் சுற்றியிருந்த ஸோல்ம்ஸ் குறுநில மன்னர்களின் நிலங்களையும் அன்றைய பெரிய ஜெர்மன் அரசான பிரஷ்யாவுக்கு ஒதுக்கியது. 1816-இல் வெட்ஸ்லர், பிரவுன்ஃபெல்ஸ் என இரண்டு மாவட்டங்கள் உருவாயின. 1822-இல் பிரவுன்ஃபெல்ஸ் வெட்ஸ்லரோடு இணைந்தது. அப்போது வடிவம் பெற்ற மாவட்டம்தான் சிறு மாற்றங்களுடன் ஒன்றரை நூற்றாண்டு நின்றது.

வரைபடத்தில் பார்த்தால் இது பிரஷ்யாவின் ரைன் மாகாணத்திலிருந்து துண்டாகத் தள்ளிக் கிடந்த நிலம். ஒரு பக்கம் நாசௌ நாடு, மறுபக்கம் ஹெஸ்ஸன் பெருங்கோமகவு (ஹெஸ்ஸன்-டார்ம்ஷ்டாட் என்ற தனி நாடு). வெட்ஸ்லர் மாவட்டத் தலைவர் (லாண்ட்ராட்) கோப்லென்ஸில் இருந்த மண்டல அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அந்த அறிக்கை வேற்று நாட்டைக் கடந்துதான் போய்ச் சேரும்.

1866 போருக்குப் பின் நாசௌவும் பிரஷ்யாவின் கையில் விழுந்தது. வெட்ஸ்லரைப் பக்கத்து மாகாணமான ஹெஸ்ஸன்-நாசௌவோடு சேர்த்திருந்தால் எல்லாம் எளிதாகியிருக்கும். அப்படி நடக்க மேலும் 66 ஆண்டுகள் ஆயின. 1932 அக்டோபர் 1 அன்றுதான் மாவட்டம் ரைன் மாகாணத்திலிருந்து பிரிந்து ஹெஸ்ஸன்-நாசௌவின் வீஸ்பாடன் மண்டலத்துக்குள் வந்தது. அதே நாளில் வடக்கே இருந்த பீடன்கோஃப் மாவட்டத்தின் தென்பகுதி ஊர்கள் சில வெட்ஸ்லரோடு சேர்க்கப்பட்டன. வால்ட்கிர்மெஸ், நவுன்ஹைம், ஹெர்மன்ஷ்டைன் ஆகியவை அவற்றுள் சில. இவை 1866 வரை ஹெஸ்ஸன்-டார்ம்ஷ்டாட்டுக்கு உரியவை. ஆக, ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு வேறு வரலாறுகள் வந்து சேர்ந்தன.

கீஸன் நகரமோ அதுவரை பிரஷ்யாவின் கீழ் வந்ததே இல்லை. பெருங்கோமகவின் மேல்ஹெஸ்ஸன் மாகாணத் தலைநகர் அது, 1607-இல் தொடங்கிய பல்கலைக்கழகமும் அங்கே இருந்தது. கீஸனுக்கும் வெட்ஸ்லருக்கும் சாலைவழி சுமார் 15 கிலோமீட்டர்தான். ஆனால் 1815 முதல் 1945 வரை அவற்றுக்கிடையே ஓடியது இரு அரசுகளின் எல்லை. 1945 செப்டம்பர் 19 அன்று அமெரிக்க இராணுவ நிர்வாகம் ‘பெரு ஹெஸ்ஸன்’ மாநிலத்தை அறிவித்த பிறகே இரண்டும் ஒரே மாநிலத்துக்குள் வந்தன.

மாவட்டம் என்ன வேலை செய்தது

ஜெர்மன் ஊரக மாவட்டம் மாநில அரசின் கிளை அலுவலகம் மட்டும் அல்ல. அதற்கென மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றமும் தனி வரவு-செலவுத் திட்டமும் உண்டு. வாகனப் பதிவு, கட்டட அனுமதி, மேல்நிலைப் பள்ளிக் கட்டடங்கள், இளையோர் நலம், சமூக உதவித்தொகை, குப்பை அகற்றல் முதலியவை மாவட்டத்தின் பொறுப்பு. செலவில் பெரும்பகுதியை உறுப்பு ஊராட்சிகள் தம் வருவாய்க்கேற்பத் தரும் பங்குத்தொகை ஈடுகட்டுகிறது. வசதியான ஊர் அதிகம் தரும், ஏழை ஊர் குறைவாகத் தரும்.

பெரிய நகரங்கள் சில மாவட்டத்துக்கு உட்படாதவை. அவை ஊராட்சி வேலையையும் மாவட்ட வேலையையும் சேர்த்துத் தாங்களே பார்க்கும், பங்குத்தொகை கட்ட வேண்டியதில்லை. கீஸன் 1976 வரை இந்த வகை. வெட்ஸ்லர் நகரமோ தன் மாவட்டத்துக்கு உட்பட்டது, இரும்பாலைகளும் ஒளியியல் கருவித் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர் என்பதால் அதன் வரி வருவாய் மாவட்டத்துக்கு முதுகெலும்பு. பின்னால் நேர்ந்தவற்றில் பாதியை இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே விளக்கிவிடலாம்.

1970 வாக்கில் தென்பட்ட நிலைமை

ஹெஸ்ஸனில் அப்போது 2,600-க்கு மேற்பட்ட ஊராட்சிகள், 39 ஊரக மாவட்டங்கள், மாவட்டத்துக்கு உட்படாத 9 நகரங்கள். பல ஊராட்சிகளில் முழுநேரப் பணியாளர் ஒருவர்கூடக் கிடையாது. கழிவுநீர்க் குழாய், குடிநீர், பள்ளிக் கட்டடம் எல்லாம் பெரிய அமைப்பைக் கேட்டன. மாநில அரசு முதலில் தன்னார்வ இணைப்புக்கு ஊக்கத்தொகை கொடுத்தது, இணங்காதவற்றைப் பின்னர் சட்டம் போட்டு இணைத்தது.

இந்தக் கட்டம் ஊர் அளவில் நன்றாகவே நடந்தது என்பது எங்கள் மதிப்பீடு. மாவட்ட அளவிலும் தலைநகர அளவிலும்தான் கணக்கு தவறியது.

திட்டமிடுவோருக்கு ஒரு குறை கண்ணை உறுத்தியது. வடக்கே காஸல், தெற்கே ஃபிராங்க்ஃபர்ட், நடுவில் அந்தத் தரத்துக்கு ஒரு நகரம் இல்லை. அக்கால வட்டாரத் திட்டமிடலில் ‘தலைமை மையம்’ என்ற தகுதி பெற, பல்கலைக்கழகம், பெரிய மருத்துவமனை, அரங்கம் போன்றவற்றோடு சுமார் ஒரு லட்சம் மக்கள்தொகையும் எதிர்பார்க்கப்பட்டது. கீஸனுக்கோ வெட்ஸ்லருக்கோ தனியாக அவ்வளவு கிடையாது. சுற்று ஊர்களோடு இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 1,56,000 வந்தது.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

1974 மே 13 அன்று சட்டம் நிறைவேறியது. டில், கீஸன், வெட்ஸ்லர் ஆகிய மூன்று மாவட்டங்களையும் கீஸன் நகரத்தையும் அது மறுசீரமைத்தது. நடைமுறைக்கு வர இரண்டரை ஆண்டு இடைவெளி விட்டது. நான்கு முடிவுகள் அதில் அடங்கியிருந்தன.

முதல் முடிவு, இரண்டு நகரங்களையும் இடையில் கிடந்த ஊர்களையும் ஒன்றாக்குவது. இடையில் உள்ள ஊர்களை விட்டுவிட்டால் நகரம் இரண்டு துண்டாகத் தொங்கும். எனவே அந்த ஊர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் சேர்க்கப்பட வேண்டியதாயிற்று. பாலம் கட்டத் தூண் நட்ட இடம் போல அவை பயன்பட்டன. ஒவ்வொன்றும் தன் மேயரையும் மன்றத்தையும் சொந்த வரவு-செலவு உரிமையையும் இழந்தது.

இரண்டாவது, புதிய நகரத்தை மாவட்டத்துக்கு உட்படாததாக வைப்பது. கீஸன் ஏற்கெனவே அந்தத் தகுதியில் இருந்ததால் அதைப் பறிப்பது தரமிறக்குவதாக ஆகியிருக்கும். சட்டம் உருவான காலத்தில் மாநில முதல்வராக இருந்தவர் முன்னாள் கீஸன் மேயர். வெட்ஸ்லரில் பலர் இந்த ஒன்றை வைத்தே முழுத் திட்டத்தையும் ஐயத்தோடு பார்த்தார்கள்.

மூன்றாவது, எஞ்சிய மூன்று மாவட்டங்களின் பகுதிகளையும் ஒரே லான்-டில் மாவட்டமாக்குவது. வடமேற்கில் ஹைகர் முதல் கிழக்கில் லவுபாக் வரை நீண்ட மாவட்டம் அது. அதன் நடுவே 1,56,000 பேர் வாழும் நகரம், ஆனால் மாவட்டத்தின் உறுப்பு அல்ல. வெட்ஸ்லரின் தொழிற்சாலை வரி இனி மாவட்டப் பங்குத்தொகையில் சேராது. சுற்றியுள்ள சிற்றூர்கள் தங்களுக்குள்ளேயே பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காவது, நகரத்துக்கு வைத்த பெயர். இரு நகரப் பெயர்களில் ஒன்றை வைத்தால் மற்றது கொதிக்கும், இரண்டையும் கோத்தால் எது முன்னால் என்ற சண்டை வரும். ஆற்றின் பெயரை வைத்தால் நடுநிலை என்று கருதினார்கள். ஆனால் லான் ஆறு இந்த இரு நகரங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. மார்புர்க், வைல்புர்க், லிம்புர்க் எல்லாம் அதே ஆற்றின் கரைதான். பெயரைக் கேட்டு இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போயிற்று. ஒளிப்படக் கருவிகளால் உலகமெங்கும் தெரிந்த வெட்ஸ்லர் என்ற பெயரும் பல்கலைக்கழகத்தால் தெரிந்த கீஸன் என்ற பெயரும் ஒரே நாளில் நகரப்பகுதிப் பெயர்களாகச் சுருங்கின.

31 மாதங்கள்

1977 ஜனவரி 1 அன்று நகரம் பிறந்தது. மன்றத் தேர்தல் மார்ச் 20 அன்றுதான். அதாவது மக்கள் முதன்முதலாக வாக்களித்தது, ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்ட ஒன்றின் மீது. இரண்டரை ஆண்டு இடைவெளி கையில் இருந்தும் தேர்தலைப் பதினோரு வாரம் பின்னால் வைத்தது, இந்த நிகழ்வில் மிக எளிதாகத் தவிர்த்திருக்கக்கூடிய பிழை. வாக்குச்சீட்டு பொதுவாக்கெடுப்பாக மாறிவிட்டது. சட்டத்தைக் கொண்டுவந்த சமூக ஜனநாயகக் கட்சி பலத்த அடி வாங்கியது. இணைப்பை எதிர்த்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி வென்று, லான் நகரத்தின் மேயர் பதவியையும் பிடித்தது. நகரத்தை விரும்பாதவர்களே நகரத்தை நடத்த வேண்டிய நிலை.

சட்டத்துக்குப் பின்னால் நின்ற முதல்வர் 1976 அக்டோபரிலேயே வேறொரு விவகாரத்தில் பதவி விலகியிருந்தார். திட்டத்துக்காகப் பேச மாநிலத் தலைநகரில் வலுவான குரல் யாருடையதும் இல்லை.

எதிர்ப்பு வெட்ஸ்லரில் கடுமையாக இருந்தது. கீஸனிலும் அது குறைவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய ஊர் சின்ன ஊரை விழுங்கியது என்று மட்டும் இதைப் படித்தால் தவறு. கீஸனும் தன் பெயரை இழந்திருந்தது.

அன்றாடத்தில் மாற்றத்தை மிகத் தெளிவாகக் காட்டியது வாகன எண்பலகை. 1956 முதல் வெட்ஸ்லர் மாவட்ட வண்டிகளுக்கு டபிள்யூ-இசட், கீஸனுக்கு ஜி-ஐ, டில் மாவட்டத்துக்கு டி-ஐ-எல். 1977 முதல் புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்கு ‘எல்’ என்ற ஒற்றை எழுத்து. ஜெர்மனியில் ஒற்றை எழுத்து பெருநகரங்களின் அடையாளம் என்பதால் திட்டமிட்டவர்களுக்கு அது பெருமை. ஆனால் ஏற்கெனவே பதிவான வண்டிகள் பழைய பலகையையே வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஒரே தெருவில் பழைய எழுத்துகளும் புதிய எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. யார் எந்த ஊர்க்காரர் என்பது முன்பைவிடத் துலக்கமாகத் தெரிந்தது.

கலைப்பு

1978 அக்டோபரில் மாநிலத் தேர்தல் வந்தது. ஆளும் கூட்டணி தப்பியது, ஆனால் லான் நகரம் இனி தாங்காது என்பது இரு தரப்புக்கும் விளங்கிவிட்டது. 1979 ஜூலை 10 அன்று லான்-டில் பகுதி மறுசீரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டு, ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. உருவாக்கும்போது சட்டத்துக்கும் நடைமுறைக்கும் இடையே இரண்டரை ஆண்டு, கலைக்கும்போது மூன்று வாரம்.

அந்தச் சட்டம் 1976-க்குத் திரும்பவில்லை. கீஸனும் வெட்ஸ்லரும் தனித்தனி நகரங்களாயின, இரண்டும் இப்போது மாவட்டத்துக்கு உட்பட்டவை. கீஸன் தன் பழைய சுதந்திரத் தகுதியைத் திரும்பப் பெறவில்லை. கீஸன் ஊரக மாவட்டம் மீண்டும் வந்தது. லான்-டில் மாவட்டம் சுருங்கி, டில் பகுதியும் வெட்ஸ்லர் பகுதியும் சேர்ந்த அமைப்பாக, வெட்ஸ்லரைத் தலைநகராகக் கொண்டு நீடித்தது. வெட்ஸ்லர் மாவட்டம், டில் மாவட்டம் என்ற இரண்டும் திரும்பவே இல்லை.

வெட்ஸ்லர் நகரம் சுற்றியிருந்த எட்டு ஊர்களைத் தன்னோடு வைத்துக்கொண்டது: பிளாஸ்பாக், டூட்டன்ஹோஃபன், கார்பன்ஹைம், ஹெர்மன்ஷ்டைன், மூன்ஷ்ஹோல்ஸ்ஹவுஸன், நவ்போர்ன், நவுன்ஹைம், ஷ்டைன்டார்ஃப். இவற்றால் நகரத்தின் மக்கள்தொகை 50,000-ஐத் தாண்டியது. ஹெஸ்ஸனில் அந்த வரம்பைத் தாண்டிய நகரம் மாவட்டத்துக்குள் இருந்துகொண்டே மாவட்டப் பணிகள் சிலவற்றைத் தானே செய்யும் சிறப்புத் தகுதி பெறும். தோற்றுப்போன இணைப்பிலிருந்து வெட்ஸ்லர் இணைப்புக்கு முன்பிருந்ததைவிடப் பெரிதாக வெளியே வந்தது. அந்த எட்டு ஊர்களுக்குத்தான் எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை.

பழைய வெட்ஸ்லர் மாவட்டத்தின் கிழக்கு ஓரம் அறுபட்டுப் போனது. லுட்ஸெல்லின்டன் கீஸன் நகரத்துக்குள் போயிற்று. க்ரோஃப்டார்ஃப்-கிளைபெர்க், லவுன்ஸ்பாக், விஸ்மார் மூன்றும் வெட்டன்பெர்க் என்ற புதிய ஊராட்சியாகிக் கீஸன் மாவட்டத்தில் சேர்ந்தன. அட்ஸ்பாக், டோர்லர், வால்ட்கிர்மெஸ் மூன்றும் லானவ் ஊராட்சியாகி லான்-டில் மாவட்டத்தில் நின்றன.

1981 ஜனவரி 1 அன்று கீஸனைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய மண்டல நிர்வாகம் உருவானது. லான்-டில், கீஸன் உட்பட ஐந்து மாவட்டங்கள் அதன் கீழ் வந்தன. நடுஹெஸ்ஸனுக்கு ஒரு தலைமையிடம் வேண்டும் என்ற பழைய நோக்கம் எந்த நகரத்தின் பெயரையும் அழிக்காமலேயே இப்படிப் பெருமளவு நிறைவேறியது. இன்று வட்டாரத் திட்டத்தில் கீஸன், வெட்ஸ்லர் இரண்டுமே தனித்தனியே தலைமை மையங்கள்.

‘எல்’ எழுத்து லான்-டில் மாவட்டத்திடமே தங்கியது. ஜெர்மனி இணைந்தபோது அது லைப்சிக் நகரத்துக்குத் தேவைப்பட்டது. 1990 இறுதியில் மாவட்டம் எல்-டி-கே எழுத்துகளுக்கு மாறியது. 2012-இல் வெட்ஸ்லரில் டபிள்யூ-இசட் மறுபடி வழங்கப்பட்டது. மாவட்டம் மறைந்து 35 ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் எழுத்துகளைக் கேட்டு வாங்க ஆட்கள் இருந்தார்கள்.

ஒரே வீடு, மாறிய முகவரி

க்ரோஃப்டார்ஃபில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 1930-இல் அந்த வீட்டில் பிறந்த குழந்தை ரைன் மாகாணம், கோப்லென்ஸ் மண்டலம், வெட்ஸ்லர் மாவட்டத்தில் பிறந்தது. 1932 அக்டோபர் முதல் அதே வீடு ஹெஸ்ஸன்-நாசௌ மாகாணம், வீஸ்பாடன் மண்டலம். 1939 தொடக்கத்தில் ‘மாவட்டம்’ என்பது அதிகாரபூர்வமாக ‘ஊரக மாவட்டம்’ ஆனது. 1944 ஜூலையில் மாகாணம் பிரிந்து நாசௌ மாகாணம். 1945-இல் ஹெஸ்ஸன் மாநிலம். 1968-இல் வீஸ்பாடன் மண்டலம் கலைக்கப்பட்டு டார்ம்ஷ்டாட் மண்டலம். 1977-இல் லான் நகரம். 1979-இல் வெட்டன்பெர்க் ஊராட்சி, கீஸன் மாவட்டம். 1981-இல் கீஸன் மண்டலம். ஐம்பது ஆண்டுக்குள் எட்டு மாற்றம், அந்த வீட்டின் வாசல் அங்கேயேதான்.

இவ்வளவு மாறியும் ஒன்று மாறவில்லை. அந்த வீட்டார் புரொட்டஸ்டன்ட் என்றால் அவர்களுடைய சபை இன்றும் ரைன்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்தது, தலைமையகம் டூசல்டார்ஃபில். 1815-இல் பிரஷ்யா போட்ட கோட்டைத் திருச்சபை 1932-இலும் அழிக்கவில்லை, 1945-இலும் அழிக்கவில்லை. மாறாக, பீடன்கோஃபிலிருந்து 1932-இல் வந்து சேர்ந்த நவுன்ஹைம், வால்ட்கிர்மெஸ் போன்ற ஊர்கள் டார்ம்ஷ்டாட்டைத் தலைமையகமாகக் கொண்ட ஹெஸ்ஸன்-நாசௌ திருச்சபையில் உள்ளன. நவுன்ஹைம் இன்று வெட்ஸ்லர் நகரத்தின் பகுதி. ஒரே நகரத்துக்குள் இரு திருச்சபை எல்லைகள்.

பதிவு தேடுவோர் செய்ய வேண்டியது

முன்னோரைத் தேடுவோர் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம், இன்றைய மாவட்டப் பெயரை வைத்துத் தேடலைத் தொடங்குவது. முதலில் ஊர்ப் பெயரை உறுதிசெய்ய வேண்டும், பிறகு நிகழ்ந்த ஆண்டு, அதற்குப் பின்னரே அந்த ஆண்டில் அந்த ஊர் யார் கீழ் இருந்தது என்ற கேள்வி.

1874 அக்டோபர் 1-க்குப் பின் என்றால் பிரஷ்யக் குடிமைப் பதிவேடு உண்டு. பிறப்புக்கு 110, திருமணத்துக்கு 80, இறப்புக்கு 30 ஆண்டு கடந்தவை ஆவணக்காப்பகத்தில் திறந்திருக்கும். அதற்குள் இருப்பவை பதிவு அலுவலகத்தில், நெருங்கிய உறவு அல்லது சட்டப்படியான தேவை உள்ளவர்களுக்கு மட்டும். 1874-க்கு முன் திருச்சபைப் பதிவேடுதான், அதற்கு மேலே சொன்ன திருச்சபை எல்லையைப் பார்க்க வேண்டும். ரைன் மாகாணம் என்றாலே பிரெஞ்சுக் காலத்துக் குடிமைப் பதிவேடு இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. அது ரைனின் மேற்குக் கரைக்குப் பொருந்தும். கிழக்கே கிடந்த வெட்ஸ்லருக்குப் பொருந்தாது.

நிர்வாகக் கோப்புகளில் 1932 ஒரு முறிவுக்கோடு. அதற்கு முன் மண்டல அரசு வைத்திருந்தவற்றைக் கோப்லென்ஸில் தேட வேண்டும், இன்று அது வேறொரு மாநிலமான ரைன்லாந்து-பாலடினேட்டில் இருக்கிறது. பின்னவற்றை வீஸ்பாடனில் தேட வேண்டும். 1977–79-இல் வழங்கப்பட்ட சான்றிதழில் ‘லான்’ என்று மட்டும் இருந்தால், அதை வைத்துக் கீஸனா வெட்ஸ்லரா என்று முடிவுகட்டக் கூடாது. எந்தப் பகுதி என்பதைப் பதிவெண்ணையும் அலுவலக முத்திரையையும் கொண்டு சரிபார்க்க வேண்டும்.

எதை மாற்றியிருக்கலாம்

வாக்கெடுப்பு சட்டத்துக்கு முன் நடந்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் மன்றத் தேர்தலாவது நகரம் பிறக்கும் நாளுக்கு முன் முடிந்திருக்க வேண்டும். 1974-க்கும் 1977-க்கும் இடையே அதற்கு வேண்டிய காலம் இருந்தது.

இரு நகரங்களுக்கும் பொதுவான வேலைகள் உண்மையிலேயே இருந்தன: பேருந்து, குப்பை, நீர், நிலப் பயன்பாட்டுத் திட்டம். இவற்றுக்கு ஊராட்சிகள் சேர்ந்து நடத்தும் கூட்டு அமைப்பு ஜெர்மன் சட்டத்தில் நெடுங்காலமாக உண்டு. முதலில் அதை அமைத்து, அது நடக்கும் விதத்தைப் பார்த்த பிறகு இணைப்பைப் பேசியிருக்கலாம். மக்கள்தொகை எண்ணை எட்டுவதே இலக்காக இருந்ததால் இந்த வழி பரிசீலனையில் பின்னுக்குப் போனது. அந்த எண் இல்லாமலேயே இரு நகரங்களுக்கும் பிற்பாடு அதே தகுதி கிடைத்திருப்பதைப் பார்க்கும்போது, இலக்கே தவறாக வைக்கப்பட்டது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெட்ஸ்லரின் வரி வருவாயை மாவட்டத்திலிருந்து வெட்டி எடுத்தது தனிப் பிழை. இணைந்த நகரத்தை மாவட்டத்துக்கு உட்பட்டதாகவே வைத்து, 1979-இல் வெட்ஸ்லருக்குக் கிடைத்தது போன்ற சிறப்புத் தகுதியைக் கொடுத்திருந்தால் சுற்று ஊர்களின் எதிர்ப்புக்கு ஒரு காரணம் குறைந்திருக்கும்.

கலைப்பிலும் ஒன்று விடுபட்டது. நகரங்களின் கோரிக்கை கேட்கப்பட்டது, இடையில் கிடந்த ஊர்களின் நிலை மூன்று விதமாக முடிந்தது. ஹொய்கல்ஹைம் தனி ஊராட்சியாகத் திரும்பியது, லானவும் வெட்டன்பெர்க்கும் புதுச் சேர்க்கைகளாயின, எட்டு ஊர்கள் வெட்ஸ்லரிலும் ஒன்று கீஸனிலும் கரைந்தன. இந்த ஊர்கள் எல்லாம் ஒரே சட்டத்தால் ஒரே நாளில் தன்னாட்சியை இழந்தவை. திருப்பித் தரும் நாளில் ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டிருக்க வேண்டும்.